தொழிலிடமும் வாழிடமும்: கொழும்பு நகரப் பயணத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கொழும்பு மாநகரின் வாகன நெரிசல் பற்றிப் பேசாதார் இன்று அரிது. பத்திரிகைத் தலையங்கங்களும் பாராளுமன்ற விவாதங்களும் பொறியியலாளர் கருத்தரங்குகளும் அதனை ஓயாது எடுத்துரைக்கின்றன. இவற்றிலே பொதுவாக இருவகை விளக்கங்கள் காணப்படும். வீதிகளின் அகலம் போதாது; ஆதலின் அவற்றை விரிவாக்குதலும் மேம்பாலம் அமைத்தலுமே வழி என்பது முதலாவது. மத்தியதர வர்க்கத்தினர் கார் மோகங் கொண்டுவிட்டனர். அவர்தம் மனப்பாங்கு மாறவேண்டும் என்பது இரண்டாவது. முன்னையது பொறியியற் பார்வை. பின்னையது ஒழுக்கவியற் பார்வை. தம்முள் வேறுபட்டனபோலத் தோன்றினும் இவ்விரண்டும் பிரச்சினையை வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்தே நோக்குகின்றன.

‘வாகன நெரிசல்’ என்னும் சொற்றொடரும் இதற்குத் துணைபோகின்றது எனலாம். நெரிசலின் எழுவாயாக வாகனம் நிற்கின்றது. அதனுள் இருப்பவர் யார், அவர் ஏன் அவ்வேளையில் அவ்வழியே செல்கின்றார், வேறு எவ்வகையிலும் செல்ல இயலாதவராய் அவர் ஆனது எங்ஙனம் என்னும் வினாக்கள் சொல்லளவிலேயே நழுவிவிடுகின்றன. ஐம்பது பேரைச் சுமந்துவரும் பஸ் வண்டியும் ஒருவரை மட்டும் சுமந்துவரும் காரும் இச்சொற்றொடரிலே சமநிலை பெற்றுவிடுகின்றன.

கொழும்பில் மக்கள் வேலைக்குச் சென்றுவந்த முறைகள் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் எவ்வாறு மாறின என்பதைச் சுருக்கமாக நோக்கி, தனியார் வாகனப் பெருக்கம் எத்தகைய சமூகத் தீர்மானங்களின் விளைவு என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நகரங்களிற் கார்ப் பாவனையைக் குறைத்தல் வேண்டும் என்பதில் முற்போக்காளரிடையே கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. அதனை எவர் செலவிற் குறைப்பது என்பதே ஆராயப்படவேண்டிய வினாவாகும்.

1. பயணமும் வேலைநாளும்

கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட சமுதாயங்களில் வாழிடமும் தொழிலிடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. நெசவாளியின் தறி அவனது வீட்டிலேயே இருந்தது. கம்மாலை வீட்டோடு ஒட்டியிருந்தது. இவ்விரண்டையும் பிரித்து, இடையிலே நாள்தோறும் கடக்கவேண்டிய தூரமொன்றை உண்டாக்கியது முதலாளித்துவ உற்பத்திமுறையேயாகும். தன் உழைப்புச் சக்தியை விற்கும் தொழிலாளி அதனைத் தானே சந்தைக்குச் சுமந்துசெல்லவும் வேண்டியவனானான். அவ்வாறு சுமந்துசெல்லும் நேரம் வேலைநாளிற் சேர்வதில்லை; ஊதியக் கணக்கிலும் வருவதில்லை. ஆயினும் அந்நேரமின்றி வேலைநாள் தொடங்குவதுமில்லை.

மூலதனத்தின் இரண்டாம் பாகத்திலே போக்குவரத்துத் தொழிலை ஆராயும் மார்க்ஸ், இடமாற்றமே அத்தொழிலின் உற்பத்திப் பொருள் என்று கொள்கின்றார். அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்பட்டும் விடுகின்றது. பஸ் பயணத்தைச் சேமித்துவைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது. காலை எட்டு மணிக்கு வராத பஸ் பதினொரு மணிக்கு வெறுமையாக வருவதாற் பயனில்லை. எனவே, எல்லோருக்கும் வேண்டப்படும் நேரத்திலே போதிய வண்டிகளை வைத்திருப்பதும், ஏனைய நேரங்களில் அவற்றுட் சில வெறுமையாகக் கிடப்பதைப் பொறுத்துக்கொள்வதும் நகரப் போக்குவரத்தின் இயல்பாகும். இலாபத்தை மட்டும் நோக்கும் உடைமையாளருக்கு இஃது ஒவ்வாததென்பது வெளிப்படை.

1845இல் வெளிவந்த தமது நூலிலே எங்கெல்ஸ் மான்செஸ்டர் நகரை விவரிக்கும்போது மற்றொரு பரிமாணத்தைச் சுட்டுகின்றார். புறநகர் மாளிகைகளிலிருந்து நகர மையத்திலுள்ள வணிகத் தலங்களுக்குச் செல்லும் செல்வர், தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவாகப் பயணஞ்செய்தும் அவற்றைக் காணாதவாறு பெருவீதிகளின் இருமருங்கும் கடைகள் மறைத்துநின்றன என்கிறார். பயண வழியே வர்க்கங்களை ஒருவர் கண்ணில் ஒருவர் படாது பிரித்துவைத்தது என்பது அவரது அவதானிப்பு. பிற்காலத்திலே கண்ணாடி உயர்த்திய காருக்குள் இருந்து நகரைக் கடப்போருக்கும் இவ்வவதானிப்பு பொருந்தும்.

இவ்விரு கருத்துகளும் கொழும்பின் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரிவன.

2. துறைமுகமும் தண்டவாளமும்

இலங்கையிற் புகையிரதப் பாதை மனிதருக்காக அமைக்கப்பட்டதன்று. 1858இல் அதன் வேலைகளைத் தேசாதிபதி வார்ட் தொடக்கிவைத்தபோது, மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொணர்தலே நோக்கமாக இருந்தது. 1867இற் பாதை கண்டியை அடைந்தது. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் எல்லா வழிகளும் கொழும்புத் துறைமுகத்திலும் அதனையடுத்த கோட்டைப் பகுதியிலும் வந்து குவிந்தன. வங்கி, கப்பற் கொம்பனி, முகவர் நிலையம், அரசாங்கக் கந்தோர் யாவும் சில நூறு ஏக்கர் நிலப்பரப்பினுள் அடங்கின. தொழிலிடம் ஒரு புள்ளியிற் குவிந்திருக்க, வாழிடம் பல திசைகளிலும் பரவிச்செல்லும் அமைப்பு இவ்வாறுதான் தோன்றியது. கொழும்பின் காலைப் பயணத்தை இன்றுவரை ஆட்டிப்படைப்பது குடியேற்றநாட்டுப் பொருளாதாரம் வரைந்த இவ்வரைபடமேயாகும்.

தெற்கே கடலோரமாகச் சென்ற பாதை 1894இற் காலியை அடைந்தது. தெங்குப் பொருள்களுக்கும் பிறவற்றுக்கும் பயன்பட்ட இப்பாதை நாளடைவில் மொறட்டுவை, பாணந்துறை முதலான ஊர்களிலிருந்து கோட்டைக்கு வரும் எழுதுவினைஞரின் பாதையாகவும் ஆயிற்று. ‘கந்தோர்க் கோச்சி’யும் ‘சீசன் டிக்கட்’டும் அவர்தம் வாழ்க்கையின் அடையாளங்களாயின. வடக்கிலிருந்து கல்விபெற்று அரசாங்க சேவைக்கு வந்த தமிழ் எழுதுவினைஞரிற் பலர் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய பகுதிகளிலே குடியமர்ந்ததற்கும் இக்கடலோரப் பாதை ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

எழுதுவினைஞருக்குப் புகையிரதம் எவ்வாறோ, நகரத் தொழிலாளிக்கு அவ்வாறு அமைந்தது ட்ராம் வண்டி. 1899இல் பிரித்தானிய தனியார் மூலதனம் கொழும்பில் மின்சார ட்ராம் சேவையைத் தொடங்கியது. கோட்டையையும் புறக்கோட்டையையும் கிராண்ட்பாஸ், மருதானை, பொறளை முதலிய இடங்களோடு இணைத்த அவ்வண்டிகள் துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் நெருங்கி வாழ்ந்த பகுதிகளினூடே ஓடின. கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கு முதலிற் குதிரை வண்டியும் பின்னர் மோட்டார்க் காரும் இருந்தன. ஆக, நகரப் பயணத்தின் வர்க்கப் பிரிவினை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது.

இந்நிலையிலே 1929இன் ட்ராம் வேலைநிறுத்தம் தனிச்சிறப்புப் பெறுகின்றது. ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிற்சங்கம் நடத்திய இப்போராட்டத்திலே நகர மக்கள் ட்ராம் வண்டிகளிற் பயணஞ்செய்ய மறுத்துத் தொழிலாளர்க்கு ஆதரவளித்தனர். மருதானையிற் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. வண்டியை ஓட்டுபவனும் அதில் ஏறுபவனும் ஒரே வர்க்கத்தின் இரு பகுதியினர் என்னும் உணர்வு இலங்கையின் நகர வரலாற்றில் இவ்வளவு கூர்மையாக வெளிப்பட்ட தருணங்கள் சிலவே. அதே தலைமை 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இனவாதத்துட் சென்று வீழ்ந்ததையும் இங்கு மறத்தலாகாது. வர்க்க உணர்வு தோன்றிய இடத்திலேயே அதனைப் பிளக்கும் ஆயுதமும் தீட்டப்பட்டது.

3. நாட்டுடைமையும் அதன் எல்லைகளும்

ட்ராம் கொம்பனிக்குப் போட்டியாக எழுந்தவை தனியார் பஸ் வண்டிகள். 1930களில் ஒரே வழியிற் பலர் போட்டியிட்டு ஓடியமையால் விபத்துகளும் கைகலப்புகளும் மலிந்தன. 1942இன் உரிமம் வழங்கும் சட்டம் ஒரு வழிக்கு ஒரு கொம்பனி என்ற ஏற்பாட்டைக் கொணர்ந்தது. போட்டியின் சீர்கேடு நீங்கிற்று. அதன் இடத்தை ஏகபோகத்தின் சீர்கேடு பிடித்தது. பஸ் முதலாளிகள் அரசியற் செல்வாக்குடைய ஒரு குழாமாயினர். 1948இன் இரத்தினம் அறிக்கை, 1954இன் சன்சோனி அறிக்கை, 1956இன் ஜயரத்ன பெரேரா அறிக்கை ஆகிய மூன்றும் பஸ் சேவையை நாட்டுடைமையாக்கும்படி விதந்துரைத்தன. இவற்றுள் முதலிரண்டும் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியில் இருந்தபோது எழுதப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. நாட்டுடைமை என்பது இடதுசாரிகளின் கோட்பாட்டுப் பிடிவாதம் மட்டுமே என்ற பிற்காலக் கூற்றை இவ்வுண்மை மறுக்கின்றது.

1958 ஜனவரி 1ஆந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை சேவையைத் தொடங்கியது. அதன் சாதனைகள் சாமானியமானவையல்ல. இலாபந் தராத கிராமப்புற வழிகளுக்கும் பஸ் சென்றது. அதிகாலையில் முதல் வண்டியும் இரவிற் கடைசி வண்டியும், ஏறுவோர் தொகை எதுவாயினும், ஓடின. மாணவர் சலுகைச் சீட்டு இலவசக் கல்விக்கு உறுதுணையாயிற்று. உச்சநிலையில் ஏறத்தாழ 7,000 பஸ் வண்டிகளைக் கொண்டிருந்த சபை உலகின் மிகப் பெரிய பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. பயணம் சந்தைப் பண்டமாக அன்றிச் சமூக உரிமையாகக் கணிக்கப்பட்ட காலம் அது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்று நேர்மையாகாது. மூன்று எல்லைகளைச் சுட்டவேண்டும்.

முதலாவது, ‘பொது’ என்ற சொல்லின் எல்லை. 1958 மார்ச்சில், சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த இலக்கத்தகடுகளுடன் சபையின் பஸ் வண்டிகள் வடக்கிற்கு அனுப்பப்பட்டன. அவ்வெழுத்தை அழிக்கும் போராட்டம் வடக்கில் எழுந்தது; தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசும் இயக்கம் தெற்கில் எழுந்தது. ஏப்ரலிற் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக் கலவரம் வெடித்தது. தனியாரிடமிருந்து மீட்கப்பட்டு மக்களுடைமையாக்கப்பட்ட பஸ் வண்டியே, மக்களுள் ஒரு பகுதியினருக்கு அந்நிய ஆட்சியின் சின்னமாக வந்துநின்றது. உற்பத்திச் சாதனத்தின் உடைமை மாறினாற் போதும், தேசிய இனப் பிரச்சினை தானே தீர்ந்துவிடும் என நம்பிய முற்போக்காளருக்கு அவ்வாண்டே மறுமொழி கூறிவிட்டது.

இரண்டாவது, நகர அமைப்பின் எல்லை. உடைமை மாறியதேயன்றி வேலைகள் குவிந்திருந்த இடம் மாறவில்லை. 1948இல் ஆபர்குரொம்பி வரைந்த கொழும்புப் பிரதேசத் திட்டம் இரத்மலானை, ஹோமாகமை, றாகமை ஆகியவற்றைத் துணைநகரங்களாக்கித் தொழிலிடத்தை வாழிடத்துக்கு அண்மையிற் கொணர எண்ணியது. அத்திட்டம் முழுமை பெறவில்லை. பயணத்தைக் குறைக்காது பயணிகளை ஏற்றுவதிலேயே சபையின் ஆற்றல் செலவாயிற்று. இதனிடையே மின்சார வண்டிகளும் மறைந்தன. 1960இல் ட்ராம் சேவையும், 1953இற் புகுத்தப்பட்ட தந்தி மின்சார பஸ் சேவை 1964இலும் நிறுத்தப்பட்டன. நீர்மின் உற்பத்தி பெருகிவந்த ஒரு நாட்டின் தலைநகரம் இறக்குமதி எண்ணெயையே முழுதாகச் சார்ந்துநின்றது.

மூன்றாவது, நிருவாகத்தின் எல்லை. பஸ் சேவையைத் தீர்மானித்தோர் பஸ்ஸில் ஏறியவரல்லர். அமைச்சருக்கும் உயர் அதிகாரிக்கும் அரசாங்கக் காரும் சாரதியும் இருந்தனர். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் புதிய கார்கள் அரிதாயின. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களே செப்பனிடப்பட்டு ஓடின. கார்கள் குறைந்தமைக்குக் காரணம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே. காரின்றியும் நன்கு வாழத்தக்க நகரமொன்று கட்டியெழுப்பப்படவில்லை. எனவே தட்டுப்பாடு நீங்கியதும் கார் திரும்பிவருதற்குத் தடையேதும் இருக்கவில்லை. சபையின் பஸ்ஸிலே தொங்கிச்சென்ற எழுதுவினைஞரின் கனவிலும் காரே இருந்தது. நெரிசலும் தாமதமும் அரசியற் செல்வாக்கால் நியமனம் பெற்றோரின் பெருக்கமும் அக்கனவுக்கு எருவிட்டன.

4. 1977க்குப் பின்

1977இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கத்தின் திறந்த பொருளாதாரக் கொள்கை நகரப் பயணத்தை இருபுறமும் தாக்கியது. ஒருபுறம் பொதுப் போக்குவரத்து சிதைக்கப்பட்டது. 1978இற் சபை பிரதேச அடிப்படையிற் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ் வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் ‘மக்கள்மயம்’ என்ற பெயரிலே டிப்போக்கள் தனித்தனிக் கொம்பனிகளாயின. இலாபகரமான வழிகளைத் தனியார் எடுத்துக்கொள்ள, நட்டந் தரும் வழிகள் அரசிடமே எஞ்சின. பின்னர் அந்நட்டமே அரச நிருவாகத்தின் திறமையின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 2005இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை மீண்டும் உருவாக்கப்பட்டபோது, நகர வீதிகளிலே தனியார் வண்டிகள் நிலைபெற்றுவிட்டன.

இங்கு ‘தனியார்’ என்பதன் பொருளையும் தெளிவாக்கவேண்டும். முன்னைய பஸ் கொம்பனிகளைப் போலன்றி, பெரும்பாலும் ஓரிரு வண்டிகளை உடைய சிறு உடைமையாளரே இத்துறையில் உள்ளனர். சாரதியும் நடத்துனரும் பெரும்பாலும் நிலையான மாதச் சம்பளம் பெறுபவரல்லர். அன்றாட வசூலிலிருந்து உடைமையாளருக்குரிய தொகையைக் கொடுத்து, எரிபொருட் செலவும் போக எஞ்சுவதே அவர்களது வருமானம். ஆகவே பஸ் தரிப்பிடத்தில் ஆள் நிரம்பும்வரை காத்துநிற்றலும், பின்னால் வரும் வண்டியை முந்த வேகமாக ஓடுதலும், மிதிபலகையிலும் ஆட்களை ஏற்றுதலும் அவர்தம் தனிப்பட்ட குணக்கேட்டினால் விளைவன அல்ல. கூலிமுறையே அவற்றை வேண்டிநிற்கின்றது. வசூலோடு பிழைப்பைப் பிணைத்துவிட்டு ஒழுக்கத்தைப் போதிப்பதிற் பயனில்லை.

இதன் சுமையை மிகுதியாகத் தாங்கியோர் பெண்கள். பொதுப் போக்குவரத்திலே பெண்கள் படும் தொல்லை பற்றி ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், 15 முதல் 35 வரையான வயதுப் பெண்களில் 90 சதவீதத்தினர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியற் தொல்லைக்கு ஆளானதாகத் தெரிவித்திருந்தனர். தையற் தொழிற்சாலையிலும் கந்தோரிலும் கடையிலும் பெண்ணுழைப்பு விரிந்த அதே காலத்திலே, அவ்வுழைப்பைச் சுமந்துசெல்லும் வண்டி பெண்ணுக்குப் பாதுகாப்பற்றதாக இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியை முச்சக்கரவண்டிக்கு ஈயும் பெண்ணையோ, தவணை முறையிலே ஸ்கூட்டர் வாங்கும் பெண்ணையோ நோக்கி வாகன மோகம் என்று கூறுவது அறிவுடைமையாகாது.

போரும் தன் பங்கைச் செலுத்தியது. 1996 ஜூலையில் தெஹிவளையிற் கந்தோர் விட்டுத் திரும்புவோர் நிறைந்த புகையிரதத்திற் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். பஸ் வண்டிகளும் இலக்காயின. சாமானிய உழைப்பாளரே அவற்றிற் பலியாயினர். மறுபுறத்தில், சோதனைச் சாவடிகளிலே பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டையின் பெயரைப் பார்த்துத் தமிழரை இறக்கி விசாரிப்பது வழமையாயிற்று. பொதுவெளியில் ஒன்றாக அமர்ந்து பயணஞ்செய்தலே அச்சத்துக்குரியதாகியது. ஒருவரை ஒருவர் ஐயுறும் சமுதாயத்திலே தனி வாகனம் பாதுகாப்பின் வடிவமாகத் தோன்றுதல் வியப்பன்று.

இவ்வாறு பொதுப் பயணம் சிதைய, மறுபுறம் தனியார் வாகனத்துக்கு அரசே வழிவிட்டது. யப்பானியப் பாவித்த வாகனங்களின் இறக்குமதியும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் பெருகின. பாராளுமன்ற உறுப்பினருக்கும் உயர் அரச ஊழியருக்கும் தீர்வைச் சலுகை வாகன அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஊதிய உயர்வுக்குப் பதிலாக வாகனச் சலுகை என்ற இம்முறை, நகர வீதியையே ஊதியமாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். 1982இற் பாராளுமன்றம் கோட்டேக்கு மாற்றப்பட்டது. அதனையடுத்துப் பத்தரமுல்லையிலே அரசாங்கக் கந்தோர்கள் எழுந்தன. புகையிரதப் பாதை தொடாத திசையிலே தலைநகரம் நகர்த்தப்பட்டமை தற்செயலாயினும், அதன் விளைவு தற்செயலானதன்று. 2020 அளவில் நாட்டிற் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களின் தொகை 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அதாவது பஸ்ஸை விட்டு நீங்கியோரிற் பெரும்பாலார் செல்வரல்லர், பஸ்ஸால் கைவிடப்பட்டோர்.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டவை மேம்பாலங்கள். 2018இல் இராஜகிரியவில் மேம்பாலம் திறக்கப்பட்டது. வீதியின் கொள்ளளவு கூடும்போது அதுவரை வேறு நேரத்தில் அல்லது வேறு வழியிற் சென்றோரும் அவ்வீதிக்கு வருவர் என்பதும், நெரிசல் அடுத்த சந்திக்கு இடம்பெயரும் என்பதும் உலக அனுபவமாகும். அதே மார்க்கத்திலே மாலபேயையும் கோட்டையையும் இணைக்கவிருந்த இலகு ரயில் திட்டம், யப்பானியக் கடனுதவி உறுதியாகியிருந்தும், 2020 செப்டம்பரிற் கைவிடப்பட்டது. புறநகர்ப் புகையிரதப் பாதையை மின்மயமாக்கும் யோசனையோ தலைமுறை தலைமுறையாக ஏட்டளவில் நிற்கின்றது.

5. தட்டுப்பாடும் திட்டமிடலும்

கார்கள் அற்ற வீதியை இந்நாடு இருமுறை கண்டிருக்கின்றது. இரண்டுமே திட்டமிட்ட மாற்றத்தால் வந்தவையல்ல.

முதலாவது, 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணம். எரிபொருள் உள்ளிட்ட பொருளாதாரத் தடை நிலவிய அவ்வாண்டுகளிற் குடாநாட்டின் போக்குவரத்துச் சைக்கிளிலேயே தங்கியது. ஆசிரியரும் மாணவரும் நோயாளியும் விறகுக் கட்டும் சைக்கிளிலே சென்றனர். எஞ்சிய சில பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நகரியல் அறிஞர் சிலர் இன்று இலட்சியமாகக் கூறும் புகையற்ற வீதி அன்று அங்கே இருந்தது. ஆயினும் பிரசவ வேதனையில் இருந்த பெண்ணை மருத்துவமனைக்குச் சைக்கிளிற் கொண்டுசெல்ல நேர்ந்த சமுதாயம் அதனை இலட்சியமாகக் கொண்டாட முடியாது.

இரண்டாவது, 2022இன் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. விலை கொடுப்போருக்கும் அது கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசைகள் நின்றன, பாடசாலைகள் மூடப்பட்டன. கொழும்பு வீதிகள் வெறிச்சோடின, சைக்கிள்கள் தோன்றின. எஞ்சிய பஸ்களிலும் புகையிரதங்களிலும் மக்கள் கூரையளவும் நிறைந்தனர். பின்னர் வாரந்தோறும் இன்ன வாகனத்துக்கு இவ்வளவு எரிபொருள் என்ற பங்கீட்டுமுறை புகுத்தப்பட்டது. எரிபொருளைச் சமூகத் தேவைக்கேற்பப் பங்கிடுதல் இயலாத காரியமன்று என்பதற்கு அது சான்றாயிற்று. ஆயினும் அப்பங்கீடு தனி வாகனத்துக்குரிய பங்கீடாகவே அமைந்தது. அவ்வேளையிலே பஸ் சேவையைப் புதுப்பிக்கும் பெருந்திட்டம் எதுவும் வகுக்கப்படவில்லை. 2023 செப்டம்பரிற் பங்கீடு நீக்கப்பட்டது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரலாறு 1977இன் பாடத்தை மறுபடி ஒப்புவிக்கத் தொடங்கியிருக்கின்றது.

இவ்விரு அனுபவங்களும் உணர்த்துவது ஒன்றே. தட்டுப்பாடு காரை வீதியிலிருந்து அகற்றும். ஆனால் காரின் தேவையை அகற்றாது. தேவையை அகற்ற வல்லது திட்டமிடல் மட்டுமே.

6. விலையா, உரிமையா?

அண்மைக் காலங்களில், நகர மையத்துள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கும் முறை கொழும்புக்கும் விதந்துரைக்கப்படுகின்றது. சிங்கப்பூர் 1975 ஜூனில் இதனைத் தொடங்கியது. காலை நேரத்தில் மையப் பகுதிக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 டொலர் விதிக்கப்பட்டது. நால்வர் செல்லும் கார்களுக்கு விலக்களிக்கப்பட்டது. ஆயின் அதற்கு முன்னரே, 1973இல், அங்கிருந்த பஸ் கொம்பனிகள் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டிருந்தன. பொது வீடமைப்பு நகரங்கள் வேலைத்தலங்களுடன் எழுந்துகொண்டிருந்தன. தொழிற்சங்கங்களை ஒடுக்கிய ஓர் அரசே இதனைச் செய்தது என்பதையும், 1990இற்குப் பின் அங்கே காருரிமை ஏலத்துக்கு விடப்பட்டுச் செல்வரின் தனியுரிமையாகியது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

இலண்டனின் வரலாறு இதனினும் போதனை மிக்கது. 1981 ஒக்டோபரில் இடதுசாரித் தலைமையிலான பெரும்இலண்டன் சபை பஸ், நிலக்கீழ்ப் புகையிரதக் கட்டணங்களை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. பயணிகள் தொகை உயர்ந்தது. மையத்துக்குக் காரில் வருவோர் குறைந்தனர். நிலக்கீழ்ப் புகையிரதமே இல்லாத புறநகர்ப் பகுதியான புரொம்லியின் உள்ளூராட்சி மன்றம் தொடுத்த வழக்கில், அவ்வாண்டு டிசம்பரிற் பிரபுக்கள் சபை அக்குறைப்பைச் சட்டவிரோதமெனத் தீர்த்தது. 1982இற் கட்டணங்கள் ஏறத்தாழ இருமடங்காயின. அதே சபைத் தலைவர் 2003இல் நகர முதல்வராகக் காருக்கு 5 பவுண் நெரிசற் கட்டணம் விதித்தார். அப்போது மேலதிக பஸ்கள் சேவையில் ஈடுபடுத்தப்பட்டன. வருமானம் பொதுப் போக்குவரத்துக்கே ஒதுக்கப்பட்டது. கட்டணக் குறைப்பைத் தடுத்த அதே அமைப்பு கட்டண விதிப்பை ஏற்றுக்கொண்டமை சிந்தனைக்குரியது. சந்தை விலையின் மொழியிற் பேசப்படும்போது நியாயமாகத் தோன்றும் ஒன்று, உரிமையின் மொழியிற் பேசப்படும்போது வீண்செலவாகத் தோன்றுகின்றது.

எனினும் இவ்விரு நகரங்களிலும் காரைத் தடுக்கும் முன்னரோ தடுக்கும்போதோ பஸ் வலுப்படுத்தப்பட்டது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம். கொழும்பில் இன்றைய பஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு கட்டணம் விதிப்பின், செல்வர் அதனைக் கட்டிச் செல்வர். மோட்டார் சைக்கிளிலும் பழைய காரிலும் வருவோர் மீண்டும் மிதிபலகைக்குத் தள்ளப்படுவர். வீதி வெறுமையாகும், அவ்வெறுமை வாங்குவோர்க்கு உரியதாகும்.

தொகுத்துக் கூறின், கொழும்பிலே கார்ப் பாவனையைக் குறைத்தல் என்பது காரிலன்றிப் பஸ்ஸிலே தொடங்கவேண்டிய கருமமாகும். சாரதிக்கும் நடத்துனருக்கும் வசூலோடு பிணைக்கப்படாத நிலையான சம்பளம். அரசு, தனியார் என்ற பேதமின்றி ஒரே நேரசூசி, ஒரே சீட்டு. பஸ்ஸுக்குரிய தனி ஒழுங்கை. பெண்கள் அச்சமின்றி ஏறத்தக்க வண்டி. ஏறுவோர் எம்மொழியினராயினும் அவர் மொழியிற் பெயர்ப்பலகையும் மறுமொழியும். மின்மயமான புறநகர்ப் பாதை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தொழிலிடத்தைக் கோட்டையிலிருந்து பரவலாக்கும் நகரத் திட்டம் ஆகியன அதன் உள்ளடக்கமாகும். இவை புதிய கண்டுபிடிப்புகளல்ல. இவற்றிற் சில 1948இலேயே எழுதப்பட்டுவிட்டன. சில 1958இல் ஓரளவு நிறைவேறவுஞ் செய்தன. இவற்றைத் தீர்மானிப்போர் இவற்றிற் பயணஞ்செய்யாதோராக இருந்தமையே இவை நிலைக்காமைக்கு முதற் காரணம்.

1929இல் மருதானைத் தெருக்களில் வண்டி ஓட்டியவனும் வண்டியில் ஏறியவனும் ஒரே பக்கத்தில் நின்றனர். இன்று அவ்விருவரும் மீதிச் சில்லறைக்காகவும் மிதிபலகை இடத்துக்காகவும் ஒருவரோடொருவர் பிணங்குகின்றனர். அவர்களை மீண்டும் ஒரே பக்கத்தில் நிறுத்தும் ஆற்றல் ஓர் அரசியல் இயக்கத்துக்குக் கைகூடுமாயின், அதுவே இந்நகரின் கார்ப் பெருக்கத்துக்கு வைக்கப்படும் முதல் உறுதியான தடையாக அமையும்.